சர்வீஸ் சென்டரும் புலி வருது கதையும்

டீலரிடம் காரை சர்வீஸ் விட்டுவிட்டு வருபவர்களிடம் எப்போதும் ஒரே புலம்பல்தான்: "சொன்னது ஒண்ணு, பில்லு ஒண்ணு." நானும் புலம்பியவன்தான். ஆனால் கூடுதலாகப் போன பணம் இதில் சின்ன நஷ்டம் என்பது கொல்லிமலையில் இருந்து இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய கதை. 20,000 கிலோமீட்டர் சர்வீஸ். திருச்சியில் வண்டி வாங்கிய டீலரிடமே விட்டேன். காலையில் ஜாப் கார்டு போட்டபோது சர்வீஸ் அட்வைசர் சொன்ன எஸ்டிமேட் 5,200 ரூபாய். மதியம் போன் வந்தது. "சார், இன்ஜின்ல கார்பன் படிஞ்சிருக்கு, டீகார்பனைசிங் பண்ணிடலாம். ஏசியும் கிளீன் பண்ணிடலாம். இன்ஜெக்டர் கிளீனர் ஒண்ணு போட்டுடலாமா சார்?" ஆபீஸ் வேலைக்கு நடுவில், "தேவைன்னா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பில் 9,860. வீட்டுக்கு வந்து ஓனர்ஸ் மேனுவலில் சர்வீஸ் அட்டவணையைப் பார்த்தால், அந்த மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

"தேவைன்னா பண்ணுங்க." சிக்கலே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. தேவையா இல்லையா என்று சொல்பவரும் அவர், விற்பவரும் அவர். டாக்டரே மருந்துக்கடையும் வைத்திருக்கிற மாதிரி.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1973-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கிரெடன்ஸ் குட்ஸ். நம்பி மட்டுமே வாங்கக்கூடிய சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்காயை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டால் தெரிந்துவிடும். இந்த மூன்றாவது வகையில் மட்டும், காசு கொடுத்து வாங்கிய பிறகும் அது தேவைப்பட்டதா என்று தெரியாது. டீகார்பனைசிங் செய்த பிறகு என் வண்டி நன்றாகத்தான் ஓடியது. செய்யாமல் இருந்திருந்தாலும் அப்படியே ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். எப்படி நிரூபிப்பது?

இப்போது இரண்டாவது கதை. 30,000 கிலோமீட்டர் சர்வீஸ். மறுபடியும் மதியம் போன். "சார், முன்னாடி பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு, மாத்திடலாம்." நான் உஷாராகிவிட்டேன். "வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். "சேஃப்டி விஷயம் சார்" என்றார். போன தடவையும் எல்லாமே அவசியம் என்றுதானே சொன்னீர்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட சந்தோஷம் வேறு.

இரண்டரை மாதம் கழித்து அப்பா, அம்மாவோடு கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பாதி வழியில், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். பின்சீட்டில் அம்மா, "என்னப்பா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். முதல் கியரிலேயே, வழியில் நிறுத்தி நிறுத்தி காரவள்ளி வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மறுநாள் தெருமுனை மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றி, பேடைக் கையில் கொடுத்தார். உரசும் பொருள் ஒரு பக்கம் சுத்தமாக இல்லை. வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கிலும் பள்ளம் விழுந்திருந்தது. "போன சர்வீஸ்லயே மாத்தியிருக்கணுமே சார், சொல்லலையா அவங்க?"

சொன்னார்கள். நான்தான் நம்பவில்லை. புலி வருது, புலி வருது என்று இரண்டு தடவை பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குச் சின்ன வயசுக் கதைதான். ஆனால் அந்தக் கதையில் நஷ்டம் பொய் சொன்ன பையனுக்கு. இங்கே மலையில் இருந்தது நாங்கள்.

பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு நெருக்கமான ஒரு வாதம் உண்டு. ஏமாற்று வேலையின் செலவு என்பது ஏமாந்தவர் இழந்த பணம் மட்டும் அல்ல, அது நேர்மையான வியாபாரத்தையும் சந்தையை விட்டே விரட்டிவிடும் என்கிறார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. என் விஷயத்தில் விரட்டப்பட்டது ஓர் உண்மையான எச்சரிக்கை.

அந்த அட்வைசர் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. டெலிவரி எடுக்கும்போது, "கம்பெனியில இருந்து ஃபீட்பேக் கால் வரும், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார், ஒன்பது குடுத்தாக்கூட எனக்குப் பிரச்சனை" என்று கெஞ்சினான். ஆளைக் குறை சொல்வதைவிட அவனுக்குச் சம்பளம் தருகிற முறையைப் பார்க்க வேண்டும். 1992-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை, வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிச் சோதித்து, சியர்ஸ் கடைகளின் கார் சர்வீஸ் பிரிவு தேவையில்லாத ரிப்பேர்களை விற்றதாகக் குற்றம் சாட்டியது. அங்கே அட்வைசர்களுக்கு கமிஷனும் விற்பனை இலக்கும் இருந்தன. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் அந்த ஊக்கத்தொகை முறையைக் கைவிட்டது. ஆக, எங்கே கை வைக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

"வெளியே விட்டா வாரண்டி போயிடும் சார்" என்பது அடுத்த மிரட்டல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. கவுண்டரில் அந்த வசனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தீர்வு பெரிய விஷயம் இல்லை. பிரேக் பேடின் தடிமனை அளந்து, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவோடு அனுப்பினால் போதும். "தேய்ஞ்சிருக்கு" என்பது விற்பனைப் பேச்சு. "2 மில்லிமீட்டர்தான் இருக்கு" என்பது தகவல். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பது பாய்க்குப் பழக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கிற ஏசி ஷோரூமுக்கு அது தெரியவில்லை.

நான் இப்போது மேனுவல் அட்டவணையை போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இல்லாத வேலைக்குக் காரணம் கேட்கிறேன். "வேண்டாம்" என்று எடுத்தவுடன் சொல்வதையும் விட்டுவிட்டேன். அடுத்த தடவை மதியம் போன் வந்தால் என் கேள்வி இதுதான்: "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு தம்பி?"