இரண்டு சாவிகள்

பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மெண்ட்’ படத்தைச் சென்ற மாதம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். 1960இல் வந்த படம். சிறந்த படத்துக்கானது உள்பட 5 ஆஸ்கர் பரிசுகள் பெற்றது. இத்தனை நாள் பார்க்காததற்கு வாய்ப்பின்மை காரணமல்ல. ஹாலிவுட், பரிசு, காதல், நகைச்சுவை: ஒரு படத்தை ஒதுக்க நம் வட்டத்தில் இவற்றில் ஒன்றே போதும். நான்கும் சேர்ந்திருந்ததால் பார்க்காமலே அபிப்பிராயம் வைத்திருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

நியூயார்க்கில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 19வது மாடியில் குமாஸ்தா பாக்ஸ்டர் (ஜாக் லெம்மன்). தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்கு இரவல் தந்து பதவி உயர்வு பெறுகிறான். அவன் விரும்பும் லிஃப்ட் இயக்கும் பெண் ஃப்ரான் (ஷர்லி மெக்லெய்ன்), அதே வீட்டுக்கு அதிகாரி ஷெல்ட்ரேக்குடன் வந்துபோகிறவள். கதை இவ்வளவுதான்.

இதன் வித்து டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுண்டர்’ (1945) என்று வைல்டரே சொல்லியிருக்கிறார். அதில் காதலர்கள் ஒரு நண்பனின் வீட்டில் சந்திக்கிறார்கள். லீனின் பார்வை காதலர்கள்மேல். வைல்டர் யோசித்ததோ, அவர்கள் போனபின் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டியவனைப் பற்றி. துயரநாடகம் ஓரத்தில் விட்டுவிட்ட ஆளை நகைச்சுவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. கனத்த முகமே ஆழம் என்று நம்பிவந்த என் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படத்தில் சிரிப்பு வலியை மூடுவதில்லை, அதை அளக்கிறது. ஒருவருக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு பாக்ஸ்டர் இரவில் பார்க் பெஞ்சில் குளிரில் கிடக்கிறான். மறுநாள் ஜலதோஷத்தோடு, யாருக்கு எந்த நாள் என்று டெலிபோனில் மாற்றிமாற்றி ஒழுங்குசெய்கிறான். சிரிக்கிறோம். கிறிஸ்துமஸ் பரிசாக ஷெல்ட்ரேக் 100 டாலர் நோட்டை நீட்டியபின் ஃப்ரான் தூக்கமாத்திரைகளை விழுங்குகிறாள். பக்கத்து வீட்டு டாக்டர் அவளைக் கன்னத்தில் அறைந்து, காப்பி புகட்டி, தள்ளாடத் தள்ளாட அறைக்குள் நடத்துகிறார். அறைவது, தள்ளாடுவது எல்லாம் கோமாளிக்கூத்தின் அசைவுகள். இங்கே ஓர் உயிர் அவற்றில் தொங்குகிறது. சிரிக்கப் பழகியிருந்த நம் வாய் பாதியில் நிற்கிறது.

பாக்ஸ்டரை அப்பாவி என்று இரக்கப்படுவது படத்தைத் தப்பாகப் படிப்பது. அவன் விற்கிறவன். விற்றதற்குக் கிடைத்ததில் ஒன்று, அதிகாரிகளுக்கான கழிவறையின் சாவி. கடைசியில் ஷெல்ட்ரேக் வீட்டுச் சாவியைக் கேட்கும்போது இவன் அந்தக் கழிவறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறான். பிரசங்கம் ஒன்றுமில்லை. ஒரு சாவிக்குப் பதில் இன்னொரு சாவி. ஒரு மனிதன் நிமிர்வதைக் காட்ட வைல்டருக்கு இது போதுமாயிருக்கிறது.

இந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களுக்கு முன், செல்வாக்குள்ள ஒருவரின் புத்தகத்துக்கு, மோசம் என்று தெரிந்தே புகழ்ந்து மதிப்புரை எழுதினேன். அடுத்த வருஷம் என் தொகுதி வெளிவந்தது. யாரும் பேரம் பேசவில்லை. சாவி கைமாறியது, அவ்வளவுதான். நான் அதைத் திருப்பி வாங்கவில்லை. சிறுபத்திரிகையில் எழுதுவதாலேயே நாம் 19வது மாடிக்கு வெளியில் இருப்பதாக நினைத்துக்கொள்வது ஒரு சௌகரியம்.

குறை உண்டு. ஃப்ரானின் சாவு முயற்சி பெருமளவு பாக்ஸ்டர் மனிதனாவதற்கான சந்தர்ப்பமாகச் சுருங்கிவிடுகிறது. அவள் பக்கக் கதையைத் திரைக்கதை குறைத்துத்தான் தருகிறது. மீதியை மெக்லெய்னின் முகம் தர வேண்டியிருக்கிறது, தருகிறது. உடைந்த கைக்கண்ணாடியை ஏன் வைத்திருக்கிறாய் என்பதற்கு, தன் மனநிலை அதில்தான் சரியாகத் தெரிகிறது என்கிற பாவனையில் அவள் பதில் சொல்லும் இடம் ஒன்று போதும்.

முடிவு சமரசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாக்ஸ்டர் காதலைச் சொல்கிறான். அவள் பதிலுக்குக் காதலைச் சொல்வதில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லி, சீட்டைப் போடச் சொல்கிறாள். அவனுக்கு வேலை இல்லை. வீட்டையும் காலிசெய்யக் கட்டிவைத்துவிட்டான். இனி இரவல் தர அவனிடம் சாவி கிடையாது. சீட்டுக்கட்டு மட்டும் இருக்கிறது.