இரட்டை இயங்குதளம்: ஒரு மதிப்பீடு

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அரசு நிறுவனமான எல்காட் வழியாகக் கொள்முதலான அந்த யந்திரங்களில் விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே குடியேறியது. ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்தில் ஒரு மாணவி பொத்தானை அழுத்தினாலும், இரண்டில் எது வேண்டும் என்று யந்திரமே கேட்கும். இந்த ஏற்பாட்டைச் சுதேசி ஆடம்பரம் என்று சிலரும், டெண்டர் சம்பிரதாயம் என்று சிலரும் தள்ளிவிடுவதுண்டு. இரண்டு அபிப்பிராயங்களும் எனக்குச் சம்மதமல்ல.

இணைய வசதி குறைந்த மலைக்கிராமங்களில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பிப்பது சாமானியமான காரியமன்று. கைக்குக் கை மாறும் பென் டிரைவ்களில் தொற்றிவரும் கிருமிகள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. லினக்ஸ் பக்கம் அவற்றால் பிழைக்க முடியாது. உரிமக் கட்டணம் இல்லை. மூலநிரலைப் பிரித்துப் பார்க்கத் தடையும் இல்லை. யந்திர சாஸ்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது பெரிய பிரயோஜனம்.

ஆனால் குறைகள் சிறியவையல்ல. அக்காலக் கணினிகளில் இரு தளங்களுக்கும் வழிவிடும் கிரப் என்னும் சிறுநிரலின் முதற்பகுதி, வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் ஒடுங்கியிருக்கும். விண்டோஸ் பழுதாகி, கடைக்காரர் 'ஃபார்மட் அடித்து' அதை மறுபடி போட்டால், அது யாரையும் கேளாமல் அந்த இடத்தில் தன் நிரலை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் உள்ளே முழுமையாக இருந்தும் வாசல் அடைபட்டுப்போவதால், அது அழிந்துவிட்டதென்றே மாணவர் நம்பிவிடுகிறார். யந்திரக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், சரிசெய்யாமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகி, காலை பத்து மணியை விண்டோஸ் நாலரை என்று காட்டும். மாணவர் முதலில் குறைகூறுவது பாட்டரியைத்தான்! லினக்ஸ் பகுதியில் சேமித்த கோப்பு விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாது என்பது மற்றோர் உபத்திரவம்.

இவை யாவும் பரிகாரம் உள்ள குறைகளே: கடிகாரத்துக்கு ஒரு வரிக் கட்டளை போதும், அடைபட்ட வாசலைத் திறக்க ஒரு மீட்புப் பென் டிரைவ் போதும். யந்திரம் உயிர்பெற்றதோடு தன் கடமை தீர்ந்ததென்று பொறியாளர் கருதுவதே மூலதோஷம். யந்திரத்தின் நிஜமான பரீட்சை கடைத்தெருப் பழுதுபார்ப்பவரிடம் நடக்கிறது. 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும் கற்பிக்க முற்பட்டது நல்ல திருத்தம்தான். எனினும் ஏழாண்டு தாமதம், அதிலும் கணினிப் பாடமே எடுக்காத, ஆனால் கணினி பெற்ற பிள்ளைகளுக்கு அது எட்டவேயில்லை.

தமிழக அரசின் 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. அவற்றிலும் இரண்டு தளங்களை வைப்பதானால், மீட்பு வழியை விளக்கும் நாலு பக்கத் தமிழ்க் கையேட்டைப் பெட்டியிலேயே வைத்து, செங்கம் போன்ற ஒவ்வோர் ஊரிலும் பழுதுபார்ப்போர் ஒருவருக்காவது பயிற்சி அளித்துவிட்டு, அதன்பின் யந்திரங்களை அனுப்ப வேண்டும்.