டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: இளைய தலைமுறை கைவிடாத மேசை விளையாட்டு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது 1974-இல் அமெரிக்காவில் வெளியான, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். முதல் அச்சில் வந்த பிரதிகள் 1,000 மட்டுமே. கணினி விளையாட்டுகள் பெருகிய பின் தாளும் பென்சிலும் பகடையும் கொண்ட இந்த ஆட்டம் மறைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2014-இல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்த பிறகு, பதின்பருவத்தினரும் இருபதுகளில் உள்ளவர்களும் பெருமளவில் இதை ஆட வந்தனர்.

வாள், மந்திரம், பறவைநாகம் நிறைந்த கற்பனை உலகமே இந்த ஈர்ப்புக்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அதே உலகத்தைக் கணினித் திரை இன்னும் பளபளப்பாகக் காட்டுகிறது. இளைஞர்கள் மேசையைத் தேடி வருவதற்கான காரணத்தை ஆட்டம் நடக்கும் முறையில்தான் தேட வேண்டும்.

ஆட்டம் நடக்கும் முறை

வழக்கமாக நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநர். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வலிமை, அறிவு, உடைமை முதலியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்கின்றனர். நடத்துநர் ஒரு சூழலை விவரிப்பார்; ஆடுபவர்கள் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடங்களில் இருபது முகப் பகடை உருட்டப்படும்.

பூட்டிய கோட்டை வாசலில் ஒரு காவலன் நிற்பதாகக் கொள்வோம். கணினி விளையாட்டில், நிரல் எழுதியவர் முன்பே நினைத்துப் பார்த்த வழிகள்தாம் திறக்கும். மேசையிலோ ஒரு சிறுமி, "உன் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அவனிடம் சொல்கிறேன்" என்று கூறலாம். விதிநூலில் அப்படியொரு வரி இருக்காது. அந்தப் பொய்யை நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்று நடத்துநர் அங்கேயே தீர்மானிக்க வேண்டும். அவள் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தால்தான் கதை அடுத்த படிக்கு நகரும்.

பகடையில் தோற்றாலும் ஆட்டம் முடிவதில்லை. காவலன் நம்பாததால் கதை வேறு வழியில் திரும்புகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் உலகிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை.

நடுவர் என்ற மனிதர்

இந்த நடுவருக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக 1824-இல் வெளியான போர் விளையாட்டிலேயே முடிவு சொல்ல ஒரு நடுவர் இருந்தார். 1969-இல் டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில், படைகளுக்குப் பதிலாகத் தனி மனிதர்களின் பாத்திரங்களை ஆடுபவர்கள் ஏற்றனர். அதில் பங்கேற்ற ஆர்னசன், 'பிளாக்மூர்' என்ற தம் தொடராட்டத்தை உருவாக்கினார். கைகாக்ஸ் 1971-இல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து வெளியிட்டிருந்த 'செயின்மெயில்' போர் விதிகளும் அதற்குப் பயன்பட்டன. இவற்றின் சேர்க்கையே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1824 முதல் இன்றுவரை மாறாமல் வந்திருப்பது, விதிக்கு அப்பால் நின்று சூழலை எடைபோடும் ஒரு மனிதரின் இருப்புதான்.

ஐந்தாம் பதிப்பின் எளிமை

பழைய பதிப்புகளில் கூட்டல் கழித்தல் மிகுதி. ஐந்தாம் பதிப்பு அவற்றில் பலவற்றுக்கு மாற்றாக ஓர் எளிய விதியை வைத்தது. சாதகமான நிலையில் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். பாதகமான நிலையில் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு 50 விழுக்காடு; சாதகத்தில் அது 75, பாதகத்தில் 25. நிகழ்தகவுப் பாடத்தில் சூத்திரமாக நிற்கும் ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கைவிரல்களால் உணர்ந்துகொள்கிறது. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததும் புதியவர்களுக்கு உதவியது.

பார்த்து வந்தவர்கள்

2015-இல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியில் குரல் நடிகர்கள் சிலர் மணிக்கணக்கில் இந்த ஆட்டத்தை ஆடி இணையத்தில் காட்டினர். 2016-இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் சிறுவர்கள் ஆடுவதும் இதையே. விதிநூலைப் படித்து விளங்காததைப் பலர் இவற்றைப் பார்த்து விளங்கிக்கொண்டனர்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கிரிட்டிகல் ரோலின் நடத்துநராக இருந்த மேத்யூ மெர்சரைப் போலவே தம் நண்பனும் நடத்த வேண்டும் என்று புதியவர்கள் எதிர்பார்க்கின்றனர். ஆடுபவர்களிடையே இதற்கு 'மெர்சர் விளைவு' என்றே பெயர். தொழில்முறை நடிகரின் குரல்வளம் இல்லாத மாணவன், 'எனக்கு நடத்த வராது' என்று ஒதுங்கிவிடுகிறான். நடத்த ஆளில்லாத இடத்தில் நான்கு பேர் ஆட முடியாமல் போகிறது. விதி படிப்பது, கதை தயாரிப்பது, எல்லோருக்கும் நாள் குறிப்பது என்ற சுமை முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது இந்த ஆட்டத்தின் பழைய குறை. ஐந்தாம் பதிப்பும் அதைத் தீர்க்கவில்லை.

இரு தவறான கணிப்புகள்

1979-இல் மிச்சிகனில் ஒரு மாணவர் காணாமல் போனபோது, இந்த ஆட்டமே காரணம் என்ற ஊகம் செய்தியானது. அவர் பின்னர் உயிருடன் கிடைத்தார். அந்த ஊகமும் தவறென்று தெரிந்தது. இருந்தும் அச்சம் ஓயவில்லை. மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய் 1983-இல் ஆட்டத்துக்கு எதிரான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அவருடைய துயரம் உண்மையானது; அதற்கு ஆட்டத்தின் மேல் அவர் ஏற்றிய காரணம் நிறுவப்படவில்லை. அக்காலப் பெரியவர்களில் பலர் நூலின் அட்டையிலிருந்த அரக்கனைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அமர்ந்திருந்த மேசைக்கு அருகே போய்ப் பார்க்கவில்லை.

நாற்பதாண்டு கழித்து உரிமையாளர்களும் ஏறத்தாழ அதே பிழையைச் செய்தனர். 2000 முதல், இந்த விதிகளை ஒட்டிப் பிறரும் நூல் வெளியிட ஒரு திறந்த உரிமம் இருந்து வந்தது. 2023 ஜனவரியில், அதை மாற்றிப் பெரிய வெளியீட்டாளர்களின் வருவாயில் பங்கு கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஹாஸ்ப்ரோவின் துணை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ஆடுபவர்களின் கடும் எதிர்ப்பால் அம்மாதமே பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. நூலைக் கைக்குள் வைத்திருந்தால் ஆட்டமும் கைக்குள் இருக்கும் என்ற கணக்கு பலிக்கவில்லை.

மதிப்பீடு

இந்த ஆட்டம் குறையற்றதன்று. விதிநூலின் பெரும்பகுதி சண்டையைப் பற்றியது. சில இனங்களைப் பிறவியிலேயே தீயவையாகக் காட்டிய பழைய வழக்கம் கண்டனத்துக்குள்ளானது. 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லே மாற்றப்பட்டது. மூன்று மூல நூல்களின் விலையும் மாணவர்களுக்கு எளிதன்று.

ஆயினும் இதன் நிலைத்த வலிமை விலைக்கு விற்கும் நூலில் இல்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பது, கூச்சமுள்ள பிள்ளை வேறொருவரின் குரலில் பேசத் துணிவது, சமவயதுத் தோழனின் தீர்ப்பை ஏற்றுக்கொள்வது ஆகியவை மேசையில் பழகுபவை. இளைஞர்களிடையே இதன் எதிர்காலம், பார்ப்பவர்களின் எண்ணிக்கையைவிட, நடத்துநர் நாற்காலியில் தயங்கித் தயங்கியேனும் அமர முன்வருபவர்களைப் பொறுத்தே அமையும்.