மினிமல் டெக்னோவில் ஆசிரியத்துவம்: பிரிங்க்மனின் மறுஆக்கம்

மூலத்தின் கூறுகளையே கொண்டு ஒன்றை ஆக்குபவனை ஆசிரியன் எனலாமா? மொழிபெயர்ப்பாளர்க்குப் பழகிய இவ்வினாவை மினிமல் டெக்னோ என்னும் மின்னணு இசையும் எழுப்புகிறது. மிகச் சில ஒலிகளே சிறுசிறு வேறுபாடுகளுடன் மீளமீள வரும் இசை அது.

கனடாவில் வளர்ந்த ரிச்சி ஹாட்டின் 1996இல் மாதம் ஒன்றாக 12 இசைத்தட்டுகளைக் 'கான்செப்ட் 1' என்னும் வரிசையில் வெளியிட்டார். ஜெர்மானியரான தாமஸ் பிரிங்க்மன் அவற்றை, ஊசி தாங்கும் கைகள் இரண்டு பொருத்திய சுழற்பொறியில் ஒலிக்கச் செய்தார். ஒரு கையின் ஒலி இடப்புறத்தும் மற்றதன் ஒலி வலப்புறத்தும் கேட்கும். ஒரே தட்டை இரண்டும் முன்பின்னாகப் படிப்பதால், ஒவ்வொரு தாள அடியும் சற்றுக் காலந்தாழ்ந்து தன்னையே எதிர்கொள்கிறது. இவ்வாக்கங்கள் 1998இல் 'கான்செப்ட் 1 96:வி.ஆர்.' என்னும் தொகுப்பாக வெளிவந்தன.

ஒலியன்கள் எப்பேச்சாளனுக்கும் தனியுடைமை அல்ல. அவற்றைத் தேர்ந்து அமைக்கும் முறையே கூற்றை அவனுடையதாக்குகிறது. ஹாட்டினும் தம் ஒலிகளைப் பொறிகளிடமிருந்தே பெற்றார். ஆகவே ஒலியின் தோற்றுவாயைக் கொண்டு ஆசிரியத்துவத்தை அளத்தல் பொருந்தாது. இரு ஊசிகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்னும் முடிவே பிரிங்க்மனை ஆசிரியராக்குகிறது.

எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. ஒரே உத்தி தொடர்ந்து வருங்கால், தேர்ந்தவன் மறைந்து கருவியே முன்நிற்கிறது. ஆயின் தொகுப்பின் பெயரில் மூலத்தின் பெயரும் ஆண்டும் அழியாமல் நிற்கின்றன. மூலத்தை மறைக்காமலும் தன் தேர்வை மறுக்காமலும் நிற்கும் இந்நிலையே மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது எனலாம்.