தெரிவோரைத் தெரிதல்

வினைக்கு உரியாரைத் தேர்ந்து அமர்த்தும் முறையை வள்ளுவர் பொருட்பாலில் இரண்டு அதிகாரங்களில் வகுத்துரைக்கின்றார். தெரிந்து தெளிதல் ஆளை ஆராயச் சொல்கின்றது. தெரிந்து வினையாடல், ஆராய்ந்து தேர்ந்தவனிடம் வினையை ஒப்படைக்கச் சொல்கின்றது. அன்பு ஒன்றையே கருதி அறிவிலானைத் தேர்வது பேதைமைக்கே இடமாகும் என அவர் கூறுவது, சிபாரிசு என்னும் நோய்க்கு அன்றே கண்ட மருந்து எனலாம்.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. குறளில் ஆராய்பவன் அரசன். அவ்வரசனை ஆராய்பவர் யார்? இடித்துரைப்போர் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் எனப் பெரியாரைத் துணைக்கோடலில் விடை உண்டு. ஆயினும் இடித்துரை அறிவுரையே, கட்டுப்பாடு அன்று.

கட்டுப்பாட்டைக் கல்லில் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலையினின்று விலக்குகின்றன. ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அதனை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். அச்சபை நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தணர் சபையே. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் புகழ்தல் மிகையாகும். ஆயினும் சார்பும் கூடாது, மறைவும் கூடாது என்ற இரட்டை விதி அங்கே தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்விரண்டனுள் ஒன்று குறைந்தாலும் தீங்கு விளையும் என்பதற்குத் தமிழகமே சான்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 11 உறுப்பினர் நியமனங்களை, முறையான ஆராய்வு இன்றிச் செய்யப்பட்டவை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் நீக்கிற்று. 2019 செப்டம்பரில் நடந்த தொகுதி நான்கு தேர்வில் முறைகேடு வெளிப்பட்டு, 2020 சனவரியில் 99 பேர் தகுதி நீக்கப்பட்டனர். முன்னது தெரிவோரைத் தெரிவதில் நேர்ந்த குறை; பின்னது தெரிவு நடந்த இடத்தில் காவல் தளர்ந்த குறை.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பு இவ்விரு காவலையும் எழுத்தில் வைத்துள்ளது. பொதுச் சேவை ஆணையத்தின் உறுப்பினரை, பிரதமரின் ஆலோசனையைக் கருதியும் ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தும் மாமன்னர் நியமிக்கின்றார் (139-ஆம் பிரிவு). நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்க்கு அதில் இடமில்லை. உறுப்பினரை நீக்குவதற்குக் கூட்டரசு நீதிமன்ற நீதிபதிகளை நீக்கும் முறையே உரியது. 146-ஆம் பிரிவின்படி ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படல் வேண்டும். 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் பூர்வ குடியினர்க்கும் ஒதுக்கீடு வகுக்கின்றது. 136-ஆம் பிரிவோ, பணியில் அமர்ந்தோரை இன வேறுபாடின்றி நடத்துக என்கின்றது. வெளிப்படையாக எழுதப்பட்ட விதியை யாரும் வாதிடலாம். எழுதப்படாத சிபாரிசை எவர் வாதிட இயலும்?

அறிக்கை வைப்பது மட்டும் போதுமா என்பதே ஆராயத்தக்கது. இந்திய அரசியலமைப்பின் 323-ஆம் பிரிவு, ஆணையத்தின் அறிவுரையை அரசு ஏற்காதபோது அதற்குரிய காரணத்தையும் அவையில் வைக்கச் சொல்கின்றது. எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கையினும் காரணத்தைக் காட்டும் அறிக்கை வலியது.

கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களில் உழைப்போரின் பிள்ளைகளுக்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் நிலையான ஆசிரியரை நியமிப்பது, 1974-இல் தோன்றிய கல்விச் சேவை ஆணையமே. அப்பள்ளியில் பயின்று ஆசிரியப் பணியை நாடும் இளைஞனுக்குத் தலைநகரில் தெரிந்தவர் எவரும் இல்லாதிருக்கலாம். அவனுக்கு உள்ள துணை ஆணையத்தின் நடுநிலையே. தெரிவு பெற்றால் பிறர் ஐயுறாதிருக்கவும், பெறாவிடின் காரணம் அறியவும் அவனுக்கு உரிமை வேண்டும். ஆணையத்தின் கையை எவரும் பற்றி இழுத்தல் ஆகாது. அக்கை மூடியும் இருத்தல் ஆகாது.