மெய்ப்பு நோக்குநரும் பதிப்பு நெறியும்

தமிழ் நூற்பதிப்பின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். ஏடு தேடியலைந்த அருமையும், பிரதிகளை ஒப்பு நோக்கிய முறையும், முன்னுரைகளில் எழுந்த வழக்குகளும் விரிவாக எழுதப்பெற்றுள்ளன. ஆயினும், அச்சுக்கூடத்தினின்று வந்த பார்வைப்படியை எழுத்தெழுத்தாக நோக்கித் திருத்தித் தந்தவர் யாவர், அத்திறத்தை அவர் யாண்டுக் கற்றார், அதனால் அவர் எங்ஙனம் வாழ்ந்தார் என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. மெய்ப்பு நோக்கல் பதிப்பின் புறத்தே நிற்கும் கைத்தொழில் அன்று. பாட ஆய்வின் இறுதிப் படியே அஃது என்பது யாம் ஈண்டு நிறுவக் கருதுவது. அதனைப் புறத்தொழிலாக எண்ணியமையால், நிறுவனம் எதனையும் சாராது தனித்து நின்று அத்தொழில் செய்வோர்க்குப் பயிற்சியும் இல்லை, படிப்படியான உயர்வும் இல்லை, பெயரும் இல்லை. அவ்வின்மையின் பயனை நம் நூல்கள் துய்த்து வருகின்றன.

முதற்கண் சொற்களின் குழப்பம் நீங்குதல் வேண்டும். பொருள் முதலிட்டு நூலை வெளியிடுவோர் பதிப்பாளர். பல பிரதிகளை ஆராய்ந்து பாடம் துணிவோர் பதிப்பாசிரியர். ஆசிரியர் தந்த கைப்படியை நடையும் செய்தியும் பொருந்தச் செப்பம் செய்வோர் செம்மையாக்குநர். அச்சுக் கோத்தபின் கைப்படியோடு ஒப்பிட்டு வழு களைவோர் மெய்ப்பு நோக்குநர். இந்நால்வரும் ஒருவரே ஆதலும் உண்டு. வேறு வேறாதலும் உண்டு. நடைமுறையிலோ முதல் இருவர் ஒழிந்த ஏனையோர் அனைவரையும் 'புரூப் பார்ப்பவர்' என ஒரு பெயரால் வழங்கி, ஒரு கூலியும் தந்து விடுகின்றனர். செம்மையாக்கத்தை மெய்ப்பின் விலைக்குப் பெறும் இவ்வழக்கத்தில் சொல்லின் குழப்பமே விலையின் குழப்பமுமாகிவிடுகின்றது.

பாடினவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நாட்டு வழக்கு. ஏடெழுதுவோர் கெடுத்தற்குக் காரணம் அவர்தம் கல்லாமை மட்டும் அன்று. சுவடியின் எழுத்து முறையுமாம். சுவடிகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி எழுதப்பெற்றன. ரகரமும் ஆகாரக் குறியாகிய காலும் ஒரே வடிவின. ஆகவே ஏட்டைப் படித்தல் என்பதே இடத்திற்கேற்பத் துணிதலாக இருந்தது. அச்சு வந்தபின் இத்துணிவு ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறியதேயன்றி ஒழிந்துவிடவில்லை.

1812-இல் சென்னையில் ஞானப்பிரகாசன் என்பாரால் அச்சிடப்பெற்ற திருக்குறள் மூலபாடத்தை எடுத்துக் கொள்வோம். அறிஞர் பார்வையிட்டுப் பிழை களைந்த செய்தி அந்நூலிலேயே குறிக்கப்பெற்றுள்ளது. 'பரிசோதித்து', 'பார்வையிட்டு' என்னும் சொற்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்பேடுகளில் பெருவழக்கின. அவை வெற்று அணிமொழிகள் அல்ல. வாங்குவோர்க்கு அளித்த உறுதிமொழிகள். ஆறுமுக நாவலர் (1822–1879) தம் பதிப்புக்களுக்குப் பெற்ற நன்மதிப்பு, பெரும்பகுதி, அவை பிழையின்மையால் பெற்றதே. 'நாவலர் பதிப்பு' என்பது ஒரு தரத்தின் பெயராயிற்று. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அக்காலத்து ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். நூல் அச்சாகியதோ சென்னையில். ஆகவே பார்வைப்படிகள் அஞ்சலிற் செல்வதும் மீள்வதுமாக இருந்தன. விடுமுறை நாள்களில் அவரே சென்னை சென்று உடனிருந்து திருத்தினார்.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. நாவலர்க்கு அச்சுக்கூடம் சொந்தம். பிள்ளையவர்கள் அரசுப் பணியால் வாழ்ந்தவர். ஐயரவர்கள் கல்லூரி ஊதியம் பெற்றவர். மெய்ப்பு நோக்கலால் உயிர் வாழ்ந்தவர் இம்மூவருள் ஒருவரும் இலர். இவர்களைச் சான்றாகக் காட்டி, 'தொண்டாகச் செய்தனர் முன்னோர். இக்காலத்தார் பொருள் கேட்கின்றனர்' எனக் கூறுவோர் இவ்வேற்றுமையை மறந்தோராவர். தொண்டு செய்தற்கு வேறு வருவாய் வேண்டும். மேலும், ஐயர் தம் முன்னுரைகளில் பிரதி எழுதியும் ஒப்பு நோக்கியும் உதவியோரைப் பெயர் சுட்டி நன்றி கூறும் மரபினர். அம்முன்னுரைகளே இன்று அத்துணைவரை நாம் அறிதற்குரிய வழி. பொருளாற் குறைந்தது ஏதேனும் இருப்பினும் பெயரால் அவர்கள் குறைவுறவில்லை.

அத்துணைவர்க்குக் கிட்டிய மற்றொன்று பயிற்சி. பெரும்புலவர் ஒருவர் பக்கத்தமர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் நோக்குதலாகிய அம்முறையே ஒரு கல்லூரியாய் இருந்தது. இன்றைய மெய்ப்பு நோக்குநரோ தம் இல்லத்தில் தனித்திருந்து, மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திருத்தி அனுப்புகின்றார். அவர் செய்த திருத்தத்துள் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என அவர்க்கு அறிவிப்பார் இலர். இருபது ஆண்டு இங்ஙனம் உழைத்தாலும் முதலாண்டின் அறிவோடே நிற்றல் கூடும். தனித்தொழிலின் பெருங்குறை கூலிக் குறைவினும் இதுவே என்று கருதுகின்றோம்.

மேலை நாட்டு வரலாற்றில் இத்தொழில் முன்னரே ஓர் இடம் பெற்றது. செருமானிய நாட்டு லைப்சிக் நகரில் 1608-இல் ஹோர்ன்ஷூக் என்பார் மெய்ப்பு நோக்குநர்க்கென்றே ஒரு கைந்நூல் இலத்தீனில் எழுதி வெளியிட்டார். ஆண்ட்வெர்ப் நகரத்துப் பிளான்டின் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகத் தொடங்கிய கிலியான், மெய்ப்பு நோக்குநராக உயர்ந்து, நாள்தோறும் தம் கண்ணிற்பட்ட சொற்களைத் தொகுத்துத் தொகுத்து, டச்சு மொழியின் பேரகராதி ஒன்றை ஆக்கினார். 1599-இல் வெளிவந்த அதன் பதிப்பு அம்மொழி வரலாற்றார்க்கு இன்றும் சான்று நூல். மெய்ப்பு மேசை ஒருவரை எத்துணைத் தொலைவு இட்டுச் செல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தோன்றவில்லை. ஆயின் அவர்க்கு ஓர் அச்சகத்தின் நிலையான பணியும், உடனிருந்த அறிஞர் குழுவும் வாய்த்தன என்பதனையும் கருதுதல் வேண்டும்.

இனி, இத்தொழிலின் உள்ளீட்டை நோக்குவாம். 'முயற்ச்சி' என்பதில் றகர மெய்க்குப் பின் சகரம் இரட்டாது என அறிதல் தொடக்க நிலை. அதனைப் பள்ளி மாணவனும் திருத்துவான். கீரைக்கடை என்பது விற்குமிடம். கீரை கடை என்பது மத்தினை எடுக்குமாறு ஏவல். இங்கு ஒற்றினை இடுவதோ நீக்குவதோ தொடரின் பொருளறிந்து செய்ய வேண்டிய செயல். இதற்கு மேலும் ஒரு படி உண்டு. நெடுங்கணக்கில் ஔகாரம் ஓரெழுத்து. கணிப்பொறியில் தட்டுவோர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு அமைகின்றனர். தாளில் அச்சிட்டபின் 'ஔவையார்' என்பதற்கும் 'ஒளவையார்' என்பதற்கும் வேற்றுமை காண்டல் அரிது. ஆயின் மின்னூலில் அப்பெயரைத் தேடும் ஆராய்ச்சியாளர்க்கு இரண்டாவது அகப்படாது. அகரவரிசையில் அஃது ஒகரத்தின் கீழ்ச் சென்று வீழும். கண்ணுக்குப் புலனாகாத பிழையைக் காணல் இற்றை மெய்ப்பு நோக்குநர்க்குப் புதிதாக வந்த கடமை.

பழைய எழுத்துருவில் உள்ள நூல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போதும், பழம்பதிப்பைப் படம் பிடித்து எழுத்துணரியால் எழுத்தாக்கும்போதும், புள்ளி ஒழிகின்றது; ரகரமும் காலும் தம்முள் மாறுகின்றன; எகர ஏகாரங்கள் மயங்குகின்றன. சுவடியின் மயக்கங்கள் அனைத்தும் பொறியின் வழியே மீண்டும் வந்துவிட்டன! 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணகர, றகர, னகர ஆகாரங்களின் பழைய வடிவங்களைப் பொறியே அன்றி இளைய திருத்துநரும் தவறப் படிக்கின்றனர். சுவடி படிக்கப் பயின்ற ஒருவர் இம்மயக்கங்களை ஒரு நோக்கில் அறிவார். சுவடியியலை முதுகலை மாணவர்க்குக் கற்பிக்கும் துறைகள், அவ்வறிவு இக்காலத்தில் விலை போகும் இடம் இஃது என்பதனை அவர்க்கு உரைப்பதில்லை.

திருத்தாமையும் திறனே. கரிசல் நாட்டு வழக்கை உயிராகக் கொண்டு எழுதிய கி. ராஜநாராயணன் கதையில் வட்டாரச் சொல்லை அகராதிச் சொல்லாக மாற்றுவோர் பிழை களைந்தாரல்லர், பிழை செய்தார். ஈழத்து எழுத்தாளர் 'கதைத்தல்' என எழுதியவிடத்துப் 'பேசுதல்' என மாற்றுவாரும் அன்னரே. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் தந்த பதிப்பு, முதல் வெளியீட்டையும் பாட வேறுபாட்டையும் குறித்துச் செல்லும் முறையால், இக்கால இலக்கியத்திற்கும் பழம்பனுவலுக்கு உரிய கட்டுப்பாடு வேண்டும் என்பதைக் காட்டிற்று. பொதுவாக நாட்டுடைமையாகிய நூல்களை யாரும் அச்சிடலாம் என்னும் நிலையில், விரைவில் அடுக்கப்பெறும் மறுபதிப்புக்களுள் பல இதற்கு நேர்மாறானவை. ஒரு பதிப்பின் பிழை அடுத்த பதிப்பின் மூலமாகின்றது. முன்னாளில் நூலிறுதியில் 'பிழையும் திருத்தமும்' என ஒரு பட்டி இருக்கும். இந்நாளில் அஃது அருகிவிட்டது. பிழை அருகியதனால் அன்று.

இத்தகைய உழைப்பினைப் பக்கக் கணக்கிலோ 16 பக்கம் கொண்ட பாரக் கணக்கிலோ அளந்து கூலி தருகின்றனர். உரையாடல் மிக்க புதினத்தின் பக்கமும், மூலமும் உரையும் மேற்கோளும் அடிக்குறிப்பும் செறிந்த உரைநூலின் பக்கமும் இக்கணக்கில் ஒன்றே. விளைவு வெளிப்படை: அரிய நூலை மெதுவாகப் படிப்பவர் இழக்கின்றார், விரைந்து புரட்டுபவர் ஈட்டுகின்றார். இம்முறை கவனத்திற்குத் தண்டம் விதிக்கும் முறை. பிரிட்டனில் 1988-இல் தோன்றிய செம்மையாக்குநர், மெய்ப்பு நோக்குநர் சங்கம், உறுப்பினரைத் தகுதி நோக்கிப் படிநிலைப்படுத்தியும், பயிற்சி வகுப்பு நடத்தியும், மணிக் கணக்கில் குறைந்த அளவுக் கட்டணம் இதுவெனப் பரிந்துரைத்தும் வந்து, 2020-இல் அரச பட்டயம் பெற்ற நிறுவனமாயிற்று. கனடாவில் 1979-இலேயே தனித்தொழில் செய்யும் செம்மையாக்குநர் ஒன்று கூடினர். அவற்றை அப்படியே ஈண்டுப் பெயர்த்து நடுதல் இயலாது. ஆங்கில வெளியீட்டின் சந்தை வேறு, தமிழ்ச் சந்தை வேறு. ஆயினும் நேரத்தை அளவுகோலாகக் கொள்ளல், புதியவர் திருத்தத்தை மூத்தவர் ஒருவர் பார்த்துக் கருத்துரைத்தல் ஆகிய இரண்டிற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நூறு பக்கத்தில் மாதிரியாகப் பத்துப் பக்கத்தை மூத்தவர் ஒருவர் மீள நோக்கிக் குறிப்பெழுதித் தந்தாலே, முன்னாளைய பக்கத்தமர்வின் பயன் ஓரளவு கைகூடும்.

நம் துறைகளையும் ஈண்டு விலக்குதற்கில்லை. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளுக்கு ஆய்வு மாணவரைக் கொண்டு மெய்ப்பு நோக்குவித்து, பதிப்பாசிரியர் வரிசையில் பேராசிரியர் பெயர்களை மட்டும் இடும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அம்மாணவர் முனைவர் பட்டம் பெற்றபின் பணி தேடி ஒரு பதிப்பகத்தை அணுகுங்கால், 'முன்னர்ச் செய்த நூல் யாது?' என்னும் வினாவிற்கு எடுத்துக் காட்ட ஒரு வரியும் அவர்க்கு இல்லை. பதிப்பியலை விருப்பப் பாடமாக வைத்துள்ள துறைகளும் அதனை வரலாறாகக் கற்பிக்கின்றனவேயன்றிக் கைப்பழக்கமாகக் கற்பிப்பதில்லை. மெய்ப்புக் குறியீடுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதோடு அஃது அமைந்துவிடுகின்றது.

நூலின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் தாளின் எடையும் குறிக்க இடம் உண்டு. 'மெய்ப்பு நோக்கியவர்' என ஒரு வரி சேர்த்தற்கும் இடம் உண்டு; சில பதிப்பகங்கள் அங்ஙனம் செய்தும் வருகின்றன. பெயரிடுதல் நன்றிக்கடன் மட்டும் அன்று. பிழைக்கு விடை கூறும் பொறுப்பும் அப்பெயரோடு செல்கின்றது. ஆகவே கூலி உயர்வு கேட்கும் உரிமையும் செல்கின்றது. மதிப்புரை எழுதுவோர், பிழை மலிந்தவிடத்து ஒரு வரி கடிந்துவிட்டு அமையாது, பிழையற்ற நூலைக் காணுமிடத்து நோக்கியவர் பெயரைச் சுட்டுவாராயின், அத்தொழிலர்க்கு அதுவே சான்றிதழாகும்.

இறுதியாக ஒன்று. கோயில் என்பதா கோவில் என்பதா, வாழ்த்துகள் என்பதா வாழ்த்துக்கள் என்பதா, பிறமொழிப் பெயர்களை எவ்வெழுத்தால் எழுதுவது, துணைவினையைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்பன போன்ற நூற்றுக்கணக்கான துணிபுகளை ஒவ்வொரு மெய்ப்பு நோக்குநரும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளனர். மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' போன்ற நூல்கள் இவற்றுட் பலவற்றிற்கு வழி காட்டினும், நூலுக்கு நூல் எழும் ஐயங்கள் அக்குறிப்பேடுகளிலேயே தீர்வு பெறுகின்றன. அவர் வேறு தொழிலுக்குச் செல்லுங்கால் குறிப்பேடும் அவருடன் செல்கின்றது. பதிப்பகம் அடுத்தவரோடு முதலினின்று தொடங்குகின்றது. மூத்த மெய்ப்பு நோக்குநர் ஐவர் அறுவரின் குறிப்பேடுகளை உரிய பொருள் தந்து பெற்று, ஒப்பு நோக்கி, வேறுபாடுகளைக் குறித்து, அவர்தம் பெயராலேயே வெளியிடுதல் ஒரு தமிழ்த்துறை ஓராண்டில் முடிக்கத்தக்க ஆய்வுத் திட்டம்.