விண்ணப்பம் என்னும் பிரதியும் சரிபார்ப்பவனின் கையும்

பல்கலைக்கழகம் குறித்த விமர்சனம் என்றால் நம் பத்திரிகைகளில் பாடத்திட்டம் பற்றியும் பேராசிரியர்கள் பற்றியும் எழுதுகிறோம். எந்தப் பிரதி பாடமாக்கப்பட்டது, எது விலக்கப்பட்டது, விலக்கியதன் பின்னுள்ள கருத்தியல் எது என்பதான விவாதங்கள். அவசியமானவைதாம். ஆனால் இவையெல்லாம் உள்ளே போய்விட்டவர்களின் சண்டை. வாசலில் ஒரு பிரதி கிடக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அதை எழுதுகிறார்கள், யாரும் வாசிப்பதில்லை. சேர்க்கை விண்ணப்பத்தைச் சொல்கிறேன்.

யாரும் வாசிப்பதில்லை என்று எப்படித் தெரியும் என்றால், வாசிக்காமலிருப்பதற்குக் கூலி வாங்கியவன் நான். எம்.ஏ. தமிழ் முடித்து, எம்.ஃபில்.லைப் பாதியில் விட்டுவிட்டு, 1998 முதல் 2006 வரை ஒரு பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் செக்‌ஷனில் தினக்கூலி எழுத்தராக இருந்தேன். சாயங்காலம் அறைக்குப் போனால் ஃபூக்கோ, தெரிதா பற்றித் தமிழில் யார் என்ன எழுதியிருந்தாலும் தேடிப் படிப்பது. காலையில் வந்தால் ஸ்க்ரூட்டினி. பிரதிக்கு ஒற்றை அர்த்தம் கிடையாது என்று ராத்திரி படித்தவன், பகலில் பிரதிக்கு அர்த்தமே தேவையில்லை என்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். இந்த முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தபால் மூட்டைகள் வர ஆரம்பிக்கும். உறையைப் பிரித்து, எண் போட்டு, டேக் கட்டி, ஐம்பது ஐம்பதாக மேசைக்கு வரும். விரல் போகிற வரிசை ஒன்று உண்டு. முதலில் டி.டி.: தொகை, தேதி, யார் பெயருக்கு எடுத்திருக்கிறது. அப்புறம் மார்க் ஷீட் நகல், அதன் மேல் பச்சை மையில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து. அப்புறம் டி.சி., சாதிச் சான்றிதழ், போட்டோ. பெயரைப் பார்ப்பது கடைசியில். அதுவும் எழுத்துகள் ஒத்துப்போகின்றனவா என்பதற்காகத்தான். "ஒரு அப்ளிகேஷனுக்கு ரெண்டு நிமிஷம் தம்பி. அதுக்கு மேலே பாத்தீன்னா நீ படிக்கிறேன்னு அர்த்தம்" என்பார் சூப்பரின்டெண்ட். கெட்ட மனிதர் அல்ல. மதியச் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தவர். அவர் சொன்ன அந்த வாக்கியத்தைவிடத் துல்லியமாக அதிகாரத்துவத்தின் வாசிப்புக் கோட்பாட்டை எவரும் சொல்லி நான் படித்ததில்லை.

பிரெஞ்சு உயர்கல்வி நிறுவனங்கள் பற்றி பியர் பூர்தியு 1989இல் வெளியிட்ட நூலில், பாரீஸில் ஒரு தத்துவ ஆசிரியர் தன் மாணவிகளைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்பு அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும், வசதியான வீட்டுப் பெண்ணுக்கு விழும் அடைமொழி ஒன்று, எளிய வீட்டுப் பெண்ணுக்கு விழும் அடைமொழி வேறொன்று. அடைமொழிகளுக்குள் வர்க்கம் ஒளிந்திருக்கிறது என்பது அவரது கண்டுபிடிப்பு. எங்கள் செக்‌ஷனில் அடைமொழியே கிடையாது. மூன்று தொடர்கள்தாம்: 'இணைப்பு இல்லை', 'தொகை குறைவு', 'காலம் கடந்தது'. யாரையும் மந்தம் என்றோ சூட்டிகை என்றோ நாங்கள் எழுதியதில்லை. அடைமொழி இல்லாத இடத்தில் பாரபட்சமும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம். பூர்தியுவை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தமிழ்நாட்டின் வாசலில் ஆளைத் தரம்பிரிப்பது தீர்ப்பு அல்ல, குறைபாடு. 'தகுதியில்லை' என்று நாங்கள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. 'முழுமையில்லை' என்றுதான் அனுப்பினோம்.

முழுமை என்பது என்ன? ஒரு சாதாரண விஷயத்தைப் பாருங்கள். அப்பா பெயர் இராமன். தமிழில் இனிஷியல் 'இ.', ஆங்கிலத்தில் 'ஆர்.'. ஒரு சான்றிதழில் அது, இன்னொன்றில் இது. படித்த குடும்பத்தில் எட்டாம் வகுப்பிலேயே இதைக் கவனித்து ஒன்றாக்கிவிடுவார்கள். மற்ற வீடுகளில் இது முதன்முதலாக எங்கள் மேசை மேல்தான் கவனிக்கப்படும், அதுவும் ஒரு குற்றமாக.

அல்லது பிறந்த தேதி. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் பிறந்தவர்கள் இத்தனை பேரா என்று முதல் வருஷம் ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அம்மாவுக்குத் தேதி தெரியாது. மழை பெய்ததும் திருவிழா நடந்ததும்தான் தெரியும். ஐந்து வயது நிறைகிற மாதிரி ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் இருவர் சமமாக வந்துவிட்டால், கணிதம், இயற்பியல் என்று மதிப்பெண்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் சமமென்றால் பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. ஆக ஒரு ஹெட்மாஸ்டரின் புனைவு பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு சீட்டைத் தீர்மானிக்கலாம். அதற்கும் பிறகுதான் 'ரேண்டம் நம்பர்' வருகிறது. இந்த முழு அமைப்பிலும், தான் தற்செயல் என்று ஒப்புக்கொள்கிற நேர்மை அந்த எண்ணுக்கு மட்டும்தான் உண்டு.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். 2003, ஜூன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விண்ணப்பம். இருளர் பெண். வகுப்பு என்ற கட்டத்தில் எஸ்.டி. என்று எழுதியிருந்தாள். சான்றிதழ் இல்லை. அதற்குப் பதில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரையிட்ட மனு ரசீதின் நகல், ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியோடு. மற்ற வகுப்பினருக்குத் தாசில்தார் மட்டத்தில் கிடைக்கும் சான்றிதழ், பழங்குடியினருக்கு மட்டும் 1989 முதல் கோட்டாட்சியரிடமிருந்துதான் வர வேண்டும். 'நீ இருளரா, நிரூபி' என்று ஆரம்பித்தால் அது எத்தனை வருஷம் இழுக்கும் என்பது அந்த மக்களோடு வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும்.

எங்கள் விதி எளிமையானது. சாதிச் சான்றிதழ் இணைக்காவிட்டால் பொதுப்பிரிவு. "என்க்ளோஷர் இல்லையா? ஓ.சி.ன்னு போடு." போட்டேன். பொதுப்பிரிவு ஆகிவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தில் சலுகை கிடையாது. அவள் எடுத்திருந்த டி.டி. சலுகைத் தொகைக்கு. எனவே 'தொகை குறைவு'. எனவே தள்ளுபடி. ஒரு விதி இன்னொரு விதியின் கையில் அவளை ஒப்படைத்தது. நடுவில் எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் லஞ்சம் வாங்கவில்லை. செங்கல் சூளையிலிருந்து வந்த ஒரு பெண்ணை நான் இரண்டு நிமிஷத்துக்குள் முற்பட்ட வகுப்பாக்கி, முழுக் கட்டணம் கட்டாத முற்பட்ட வகுப்புக்காரியாக்கி, கட்டின் அடியில் வைத்தேன்.

விண்ணப்பத்தோடு யாரும் கேட்காத ஓர் இணைப்பும் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கக் கடிதம். 'எங்கள் ஊரில் பன்னிரண்டாவது பாஸ் செய்தது நான் மட்டும்தான்' என்று ஆரம்பித்தது. அடுத்த வரிக்கு நான் போகவில்லை. இலக்கியம் படித்தவன், சிறுபத்திரிகைக்காரன், தன்வரலாறும் விளிம்பின் குரலும் என்று கட்டுரை எழுத ஆசைப்பட்டவன், அந்த நான்கு பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் அப்பா கவுன்டருக்கு வந்தார். "அய்யா, பாப்பாவுக்குக் கடுதாசி வருமுங்களா?" என்றார். "லிஸ்ட் போர்டுல ஒட்டியாச்சு, பாத்துக்கங்க" என்றேன். அவர் போய் போர்டு முன்னால் நின்றார். வாசிக்கத் தெரியாதவர் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது, அல்லது நீண்டிருந்ததாக நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது நம் நண்பர்களின் விவாதத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் சாதி கேட்கும் கட்டத்தை எடுத்துவிடு, சாதி தளரும் என்பது ஒரு தரப்பு. இதற்கு 1973லேயே தமிழக அரசு, பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று ஆணையிட்டிருக்கிறது. 2019இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர், பல ஆண்டுகள் போராடி, சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கினார். அவரது உறுதியை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: சாதியில்லை என்பதற்கும் ஒரு சான்றிதழ், அதையும் தாசில்தார்தான் தருகிறார். கட்டத்தை வெறுமையாக விடலாம் என்பது உரிமை. வெறுமையாக விட்டபின்னும் கல்லூரிக்குள் போக முடிவது வசதி. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு தரப்பு ஃபூக்கோவிலிருந்து வருகிறது. 1975இல் வந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் அவர், தேர்வும் ஆவணமும் சேர்ந்து ஒவ்வொரு தனிமனிதரையும் ஒரு 'கேஸ்' ஆக்குவதை விவரிக்கிறார். முன்பு எழுதப்படுவது அரசர்களின் சலுகை. நவீன காலத்தில் எழுதப்படுவதே அடிமைப்படுத்தும் உத்தி. இதை வைத்துக்கொண்டு, படிவம்தான் சாதி அடையாளத்தை உறைய வைக்கிறது, வகைப்படுத்தலே வன்முறை என்கிறோம். நானும் சொன்னவன்தான். மேசையில் உட்கார்ந்தபின் இது பாதிதான் சரி என்று படுகிறது. அந்தப் பெண்ணின் பிரச்சினை அரசு அவளை எழுதிவிட்டது என்பதல்ல, எழுத மறுக்கிறது என்பது. ஒரு கோப்பில் 'கேஸ்' ஆவதற்கே அவள் ஆறு மாதமாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் திண்ணையில் காத்திருக்கிறாள். எழுதப்படுதலின் வன்முறை பற்றி நம்மிடம் பக்கம் பக்கமாகக் கோட்பாடு இருக்கிறது. எழுதப்படாமையின் வன்முறைக்கு மூன்று தொடர்கள் மட்டும் இருக்கின்றன, அவையும் என் கையெழுத்தில்.

ஒரு வழக்கை நினைவுபடுத்த வேண்டும். பழைய சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணையில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து மருத்துவக் கல்லூரி இடம் கோரி செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. தமிழ்நாடு கொதித்தது, அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. இந்த வரலாறு நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விவரம் இருக்கிறது: அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தார், இடம் கிடைக்காது என்று தெரிந்தது, நீதிமன்றம் போனார். நீதிமன்றமும் அதைக் குறிப்பிட்டுவிட்டு வழக்கைக் கேட்டது. விண்ணப்பம் போடாத ஒருவரை நாட்டின் உச்ச நீதிபதிகள் உட்கார்ந்து வாசித்தார்கள். போட்டவளின் கடிதத்தை ஒரு தினக்கூலி எழுத்தன் வாசிக்கவில்லை.

இன்னொன்று. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம், பொய்ச் சாதிச் சான்றிதழ்களைக் களைய மாநிலம்தோறும் ஆய்வுக்குழு அமைக்கச் சொன்னது. அதுவும் பழங்குடிச் சான்றிதழ் காட்டிக் கல்லூரியில் இடம் பெற்ற விவகாரம்தான். தீர்ப்புக்குப் பிறகு சந்தேகம் என்பது அலுவலகங்களில் ஒரு கடமையாகவே மாறியது. போலிகளைப் பிடிக்க விரித்த வலையில் முதலில் நின்றவர்கள் நிஜமான இருளர்களும் காட்டுநாயக்கர்களும். இதுவரை எனக்கும் தெரியும். தெரியாதது, அதே தீர்ப்பின் வழிகாட்டுதல்களில் இருந்த ஒரு பகுதி: ஆய்வு முடியத் தாமதமாகி, சேர்க்கைக்கான கடைசித் தேதி நெருங்கிவிட்டால், ஏற்கெனவே உள்ள சான்றிதழ் அல்லது பெற்றோரோ மாணவரோ தரும் பிரமாண வாக்குமூலத்தின் பேரில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இறுதி முடிவு பின்னால் வரட்டும் என்கிறது. அவள் வழக்கு அச்சு அசலாக அதற்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் ஒரு வெள்ளைத் தாளில் "அஃபிடவிட் கொண்டாங்கம்மா, தற்காலிகமா வெச்சுக்கலாம்" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்க முடியும். இதை நான் படித்தது வேலையை விட்டு ஏழு வருஷம் கழித்து, வேறு எதையோ தேடும்போது. எங்கள் செக்‌ஷனில் சந்தேகத்துக்கான சுற்றறிக்கை சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. இரக்கத்துக்கான பத்தியை யாரும் டைப் அடிக்கவில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டதே என்பார்கள். சில மாறின. பச்சை மைக்கு அலைவது பெரிதும் குறைந்துவிட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்தது. நல்ல காரியங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சான்றிதழும் வந்தது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழி. தபால் மூட்டை இல்லை, சூப்பரின்டெண்டின் இரண்டு நிமிஷமும் இல்லை. இயந்திரம் இணைப்பில்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடுவதில்லை. முன்பு தள்ளுபடி செய்ய ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை ஒருநாள் தயங்கலாம் என்கிற அற்ப சாத்தியமாவது இருந்தது.

மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் எங்கள் ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். கூலி வாங்குவதில்லை, வாங்கியதே போதும். போன வருஷம் ஒரு பையன் வந்தான். காட்டுநாயக்கர். கையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மனு ரசீது, இந்த முறை க்யூ.ஆர். கோடு போட்டது. கூடவே அவன் அம்மாவிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கினோம், தீர்ப்பின் அந்தப் பத்தியை நகலெடுத்துப் பின்னால் வைத்தோம். நாங்கள் போட்ட அந்தப் படிவத்தில் இவற்றை ஏற்ற ஒரு கட்டமும் இல்லை. மூன்றையும் ஒரே கோப்பாக்கி, சாதிச் சான்றிதழ் கேட்கிற இடத்திலேயே ஏற்றினோம். அளவு அதிகம் என்று இரண்டு முறை திருப்பியது. தீர்ப்பின் பக்கத்தை எடுத்துவிட்டுப் போட்டதும் ஏற்றுக்கொண்டது.